பிச்சி பிடிக்கும் என்று சொன்னவளுக்கு

அக்கா,

ஃபிரிட்ஜுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் நம்பவில்லை. மருமகள் தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வர்லியே அத்த, உங்களுக்குத்தான் அப்டி தெரிது" என்றாள். மகன் சாம்பார் பாத்திரத்தைத் திறந்தான், மூடினான், போய்விட்டான். எனக்கோ அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வந்தது. மீன் நாற்றம் என்றால் மீன் என்று சொல்லிவிடலாம். இது அப்படி இல்லை. நல்ல வாசனை ஒன்று நாள்பட்டு அழுகினால் எப்படி இருக்கும், அப்படி.

நான்காம் நாள் நானே முட்டிபோட்டு உட்கார்ந்து காய்கறிப் பெட்டியை வெளியே இழுத்தேன். பின்னால் ஒரு கறுப்புக் கவர். அதற்குள் ஒரு முழம் ஜாதிமல்லி. பூ என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. கறுத்துக் கூழாகி, நாரோடு ஒட்டிக்கொண்டு, அட்டைப்பூச்சி மாதிரி வழவழவென்று என் விரலில் ஏறியது. சீ என்று உதறினேன். போகவில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு கெத்து. "பாத்தியாடி, என் மூக்கு பொய் சொல்லாது" என்று மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் பூவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அத்த, இத நீங்கதான வெச்சீங்க?"

"நானா? தாலி எறங்கி பதினோரு வருசம் ஆவுது. எனக்கு எதுக்குடி பூவு?"

"பெரியத்த கருமாதி அன்னிக்கி நீங்கதான் வாங்கினு வந்தீங்க. யாருக்குன்னு கேட்டதுக்கு, அப்றம் சொல்றேன் போடின்னீங்க."

உன் கருமாதியைத்தான் சொன்னாள். எனக்கு அவள் சொல்கிற மாதிரி நடந்ததாகவே ஞாபகம் இல்லை, அக்கா. பந்தல் போட்டது ஞாபகம் இருக்கிறது, வடை கருகினது ஞாபகம் இருக்கிறது, உன் போட்டோவைச் சாய்வாக வைத்ததற்கு நான் மகனைத் திட்டினது கூட இருக்கிறது. பூ வாங்கினது மட்டும் இல்லை. பானையில் ஒரு ஓட்டை மாதிரி அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"செரி அத்த, செரி. விடுங்க" என்றாள் அவள். குரலைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிறாற்போல. அந்தக் குரலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இந்த வீட்டில் நாற்பத்தாறு வருஷம் நாங்கள் எல்லோரும் உன்னிடம் பேசின குரல் அது.

அன்றிலிருந்து நான் எது செய்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தால் அத்தைக்கு மறதி. ஊரில் யார் வீட்டில் பால் பொங்கவில்லை? கத்தினால், "முன்னெல்லாம் இப்டி கோவம் வராது." வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், "பாரு, பேசவே மாட்றாங்க." டி.வி.யில் ஒருத்தன் வழுக்கி விழுந்ததற்குச் சிரித்தேன். சமையலறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நர்சிங் படிக்கிற என் பேத்தி, இந்தக் குடும்பத்திலேயே முதல் முதலாகக் கோட்டு போடப்போகிற பிள்ளை, விடுதியிலிருந்து போன் போட்டு, "ஆயா, இன்னிக்கு இன்னா கெழம சொல்லு?" என்றாள். "உங்கம்மா மாவு அரைக்க மறந்த கெழம" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி மெதுவாக ஏதோ பேசினாள்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குளியலறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் படித்த மட்டும் ஒழுங்காகப் படித்தவள். தப்பில்லாமல் வந்தது. தெருவில் வீடு வீடாக ஆள் பேர் சொன்னேன், வந்தது. அப்புறம் வாளித் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்து, பைத்தியம் பிடித்தவளுக்குத் தனக்குப் பைத்தியம் என்று தெரியுமா என்று கேட்டேன். வெளியிலிருந்து மருமகள், "யாராண்ட பேசறீங்க அத்த?" என்றாள்.

அப்போதுதான் நீ என் நினைப்பில் வந்தாய்.

இரண்டு மருமகள்களும் ஒரே பந்தலில் தாலி வாங்கிக்கொண்டு ஒரே நாளில் இந்த வீட்டுக்கு வந்தோம். நீ பெரியவருக்கு, நான் சின்னவருக்கு. உன் அப்பா திருநெல்வேலிக்காரர், ரயில்வேயில் அரக்கோணத்துக்கு மாற்றலாகி வந்தவர். நீ பத்தாவது படித்தவள். முழங்கால் வரைக்கும் முடி. மாமியார் அக்கம்பக்கத்தில் எல்லாம், "பெரிய மருமவ இங்கிலீசு பேப்பரு படிக்கிறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். என்னைப் பற்றி, "சின்னது நல்லா சாணி தட்டும்" என்பாள். அந்த ஒரு வார்த்தை எனக்குள் எப்படி எரிந்தது என்று நீ அறிய மாட்டாய். நீ என்னை அன்பாகத்தான் நடத்தினாய். அதுவும் எனக்கு எரிந்தது.

பத்தாம் நாள் தெருவில் பூக்காரி போனாள். "ஜாதிமல்லி, ஜாதிமல்லி" என்று அவள் கூவ, நீ ஓடிப்போய்க் கூடைக்குள் பார்த்துவிட்டு வந்து என் தோளைக் குலுக்கினாய்.

"ஏட்டி, இது பிச்சில்லா! எங்க ஊர்ல இதுக்குப் பிச்சின்னுதான் பேரு. எனக்குன்னா அது உசுரு."

நான் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரி, இரண்டு பாஷையும் காதில் விழுந்து வளர்ந்தவள். மாமியாருக்குப் பிறந்த வீடு நகரிப் பக்கம். அங்கே பேசுகிற தெலுங்கில் பிச்சி என்றால் பைத்தியம். பத்தாவது படித்தவளுக்குத் தெரியாதது ஐந்தாவது படித்தவளுக்குத் தெரிகிறது என்று அன்றைக்கு அதை ஒரு மிட்டாய் மாதிரி வாயில் அதக்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை, "அக்கா, அந்தப் பேர இங்க சொல்லாத" என்றிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நகரியிலிருந்து மாமியாரின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர், கூடம் நிறைய. மாமியார் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, படித்த மருமகளைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தாள்.

"சொல்லும்மா, உனுக்கு இன்னா புடிக்கும்? நம்ம நகரி மாமா வாங்கியாரட்டும்."

நீ வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாய். "எனக்குப் பிச்சி பிடிக்கும் அத்தை. சின்னதுலேருந்தே. வெள்ளிக்கிழமையானா தலை கொள்ளாது."

கூடத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்தது வேறு. சின்ன வயதிலிருந்தே பைத்தியம் பிடிக்கும், வெள்ளிக்கிழமையானால் தலை கொள்ளாது என்று ஒரு புது மருமகள் தன் வாயால் சொல்கிறாள். மாமியாரின் கன்னத்தில் புகையிலை அப்படியே நின்றது. ஒரு கிழவர் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

"பிச்சியா? ஏமே, இன்னா சொன்ன?"

"பிச்சிதான் அத்தை. பூவு."

"பூவாம் பூவு. இப்போ மாத்தறா பாரு!"

நீ சுற்றிலும் பார்த்தாய். என்ன நடந்தது என்றே உனக்குப் புரியவில்லை. அப்புறம் கூடத்து ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்ததும் உன் முகம் தெளிந்தது. "ஏட்டி, நீ சொல்லு. ஒனக்குத் தெரியும்லா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வந்த நாளிலிருந்து அந்தக் கூடம் என்னைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அத்த" என்றேன்.

இதை எழுதும்போது வாயில் எச்சில் ஊறுகிறது, துப்ப வேண்டும்போல இருக்கிறது. அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. விக்கவில்லை, திக்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் தானாகவே நடந்தது. நீ அழுதாய், அது ஒரு அத்தாட்சி. இரண்டு நாள் சாப்பிடவில்லை, அது இன்னொன்று. மூன்றாம் நாள் ஆத்திரத்தில் சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தாய். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. உன் அப்பா அரக்கோணத்திலிருந்து ஓடி வந்து, "அது பூவுங்க, பூவுங்க" என்று கும்பிட்டார். "பெத்தவன் வேற இன்னா சொல்லுவான்? மறைச்சி கட்டி வெச்சிட்டு இப்போ பூவுன்றான்" என்று அவர் செருப்பு போடுவதற்குள் சாணி கரைத்துத் தெளித்தாள் மாமியார். பெரியவர், உன் புருஷன், தூணுக்குப் பின்னால் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார். மீசை வைத்த ஆண்பிள்ளை. அவர் நகத்தைத் துப்பின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு உன்னை மலைக்கு இட்டுக்கொண்டு போனோம். பைத்தியம் தெளிய மொட்டை என்று மாமியார் வேண்டுதல். காவடி காவடியாகப் பூ. படி முழுக்கப் பூ வாசனை, காலில் மிதிபட்டு நசுங்கின பூ. அதற்கு நடுவில் ஈரக் கல்லில் உட்கார்ந்து நீ தலையைக் குனிந்தாய். அங்கே எல்லோருமே மொட்டைதான், யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் ஒருத்தியை அவமானப்படுத்த இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆயிரம் பேர் சந்தோஷமாகச் செய்துகொள்வதை அவளுக்குத் தண்டனையாகச் செய்தால் யாருக்குத் தெரியும்?

கத்தி இரண்டு இடத்தில் பட்டு ரத்தம் வந்தது. மாமியார் எலுமிச்சம்பழத்தை அரிந்து என் கையில் கொடுத்தாள். "நீ தேயிடி. நீதான் புத்தியுள்ளவ."

புத்தியுள்ளவள் தேய்த்தேன். வெட்டுக்காயத்தின் மேலேயே தேய்த்தேன். நீ கத்தவில்லை. பல்லுக்கு நடுவில் காற்றை இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒனக்குத் தெரியும்லா" என்றாய். கீழே இறங்கி வந்து நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்றைக்குச் சோற்றில் எல்லாம் எலுமிச்சை நாறியது.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் ஆடியில் உனக்கு மொட்டை. மாமியார் செத்த வருஷம், இனிமேல் வேண்டாம் அக்கா, முடி வளர்த்துக்கொள் என்று நான் பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். நீயே செருப்பை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாய். "இருக்கட்டும்ட்டி. பழகிட்டு." அதை என்னவென்று சொல்வது? உள்ளபடிக்கே உனக்குப் புத்தி பிசகிவிட்டதா, இல்லை எங்களைப் பார்த்து அருவருத்துப்போய் இப்படி ஒரு பதில் சொன்னாயா? கடைசி வருஷங்களில் வாசலை நாலு தடவை பெருக்குவாய். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாய். பார்க்கிறவர்கள், "ஆங், அது அப்டித்தான்" என்று போய்விடுவார்கள். நான் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்தேன், பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்ததா, நாங்கள் கொண்டுவந்து வைத்ததா. ஒரு பூவைப் பைத்தியம் என்று நம்பி ஒரு வீடே கூடி ஒருத்தியின் தலையைச் சிரைத்ததே, அந்த வீட்டுக்கு மட்டும் யாரும் எலுமிச்சம்பழம் தேய்க்கவில்லை.

உனக்குப் பிள்ளை இல்லை. என் மகன் பேச ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோரும் சொல்வதைக் கேட்டு உன்னைப் "பிச்சிம்மா" என்று கூப்பிட்டான். நாக்கில் சூடு போடுவேன் என்று நான் கையை ஓங்கினேன். நீ தடுத்தாய். "விடுட்டி. இந்த வீட்ல அவன் ஒருத்தந்தான் என்னைப் பூப்பேர் சொல்லிக் கூப்பிடுதான்" என்றாய். அன்றைக்கு நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

போன வியாழக்கிழமை மகன் லீவு போட்டு என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். பொம்பளை டாக்டர், வயசுப் பெண், பேச்சில் சித்தூர் வாடை. பொறுமையான பிள்ளை.

"அம்மா, மூணு வார்த்த சொல்றேன், மனசுல வெச்சிக்கங்க. அப்புறமா கேப்பேன். பூ. கதவு. அரிசி."

"இன்னா பூவு?"

"ஏதோ ஒரு பூம்மா."

"ஏதோ ஒரு பூவுன்னு எந்தப் பூவும் கெடையாதே."

"யம்மா, கேட்டதுக்கு மட்டும் சொல்லும்மா" என்றான் மகன். டாக்டர் ஏதோ எழுதினாள். இனி என் கேள்வியும் ஒரு அத்தாட்சி.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. "போதும்மா" என்றாள். நான் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் போய், "ரெண்டு மிச்சம்" என்று சொல்லித்தான் நிறுத்தினேன். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். அப்புறம், "அந்த மூணு வார்த்தை?" என்றாள்.

"அரிசி. கதவு." மூன்றாவது என் வாயில் தானாக வந்தது. "பிச்சி."

டாக்டரின் பேனா நின்றது. மகனுக்கு முகம் செத்துவிட்டது. "யம்மா! டாக்டரப் போயி இன்னா வார்த்த சொல்ற?" அவள் கையைக் காட்டி அவனை அடக்கிவிட்டு, முன்னால் சாய்ந்து, பரிவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு அப்டித் தோணுதாம்மா? பிச்சி புடிச்சிட்ட மாதிரி?"

அதே கேள்வி, அக்கா. அதே வார்த்தை. இந்தத் தடவை நடுவில் நிற்கிறவள் நான்.

அந்த நிமிஷம் கருமாதி அன்றைக்கு நடந்தது முழுதாகத் திரும்பி வந்தது. மலையடிவாரத்துப் பூக்கடையில் நான் நிற்கிறேன். "எந்தப் பூவு ஆயா?" என்கிறாள். "ஒரு மொழம் பிச்சி குடு" என்கிறேன். "இன்னாது, பிச்சியா?" என்று சிரிக்கிறாள். நான் ஜாதிமல்லியைக் கைகாட்டுகிறேன். வாங்கிக்கொண்டு வந்தேன், உன் போட்டோவுக்குப் போட. கூடம் நிறைய ஆட்கள். யாருக்கு என்று மருமகள் கேட்டாள். உனக்கு என்றால், ஆயுசு முழுக்க மொட்டையாக இருந்தவளுக்கு எதற்குப் பூ என்பாள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று தெரிந்தது. காய்கறிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். தள்ளினதோடு என் புத்தி அதை மூடிக்கொண்டது. நாற்பத்தாறு வருஷப் பழக்கம்.

டாக்டர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம்மா, தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் போதும். மாத்திரை எழுதுவாள், எல்லோரும் பாவம் பார்ப்பார்கள், பைத்தியக்காரியிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். அந்த ஆசை வந்தது எனக்கு. வந்ததை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

"பிச்சின்னா பூவு டாக்டரு. ஜாதிமல்லி. தெக்கத்திக்காரங்க அப்டித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஞாபகம் நல்லாவே இருக்கு சார். அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல" என்று மகனிடம் சொல்லி, சீட்டிலும் அப்படியே எழுதினாள். மகன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"பூவா?"

"ஆங்."

"பிச்சிம்மா சொன்னது பூவா?"

"ஆங்."

"உனுக்கு எப்ப தெரியும்?"

"கல்யாணம் ஆயி பத்தாம் நாளே."

என் கையை விட்டான், அக்கா. விட்ட கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகத் துடைத்துக்கொண்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த அந்தக் கூழை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தான். நாற்பத்து நாலு வயது ஆண்பிள்ளை, "நான் அவங்கள அப்டியேதானம்மா கூப்ட்டுகினு இருந்தேன்" என்றான்.

நீ சொன்னதைச் சொன்னேன். நீ ஒருத்தன்தான் பூப்பேர் சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று அவள் சொன்னாள்டா என்றேன். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவனே போய் வாங்கி வந்தான். ஒரு முழம் அல்ல, ஒரு பந்து. உன் போட்டோவைச் சுற்றிச் சுற்றி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி, தலை கொள்ளாமல் வைத்தான். மருமகளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். அவள் இப்போது என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. பேசுவதே குறைவு. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தபோது என் மேல் இருந்த அன்பு, இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கே என் கை சோற்றுக்குள் போவது பிடிக்கவில்லை.

பேத்தியின் பழைய நோட்டில் இதை எழுதுகிறேன். அவள் வந்து படிப்பாள், படிக்கட்டும் என்றுதான் மறைக்காமல் வைக்கிறேன். அந்த டாக்டர் சீட்டு சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. ஞாபகம் நல்லாவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் இன்னும் எலுமிச்சை நாறுகிறது. வேறு யாருக்கும் அது வருவதில்லை. இந்தத் தடவை நான் யாரையும் மோந்து பார்க்கச் சொல்லவில்லை.

நீ என்னை இரண்டு தடவை கேட்டாய். கூடத்தில் ஒரு தடவை, ஈரக் கல்லில் ஒரு தடவை.

ஆங், அக்கா. எனக்குத் தெரியும்.